கொட்டியாரக் குடாவும் ஓய்வின் சரித்திரமும்

திருகோணமலையின் சரித்திரம் என்று இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை துறைமுகத்தின் சரித்திரமே. போர்த்துக்கேயர் 1620களின் தொடக்கத்திற் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பறித்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே அது ஆங்கிலேயர் கைக்கும், சில மாதங்களிற் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுஃப்ரனின் கைக்கும் மாறிற்று. 1795இல் ஆங்கிலேயர் வந்து நிலையாக அமர்ந்தனர். 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். பரீட்சைக்காக மாணவர் மனப்பாடஞ் செய்யும் இப்பட்டியலில் மனிதர் எங்கே? தளபதிகளும் தேசாதிபதிகளும் இருக்கின்றனர். கரையில் வலை இழுத்தவனும், குடாவின் தென்கரையிற் சேற்று வயலில் நாற்று நட்டவளும், கப்பலுக்குக் கரி சுமந்தவனும் ‘கூலிகள்’ என்ற ஒரு சொல்லில் வந்து மறைகின்றனர். அந்த மனிதர் வேலை முடிந்தபின் எங்கே கூடினர், எதைப் பாடினர், பிள்ளைகளை எந்த விழாவுக்குத் தோளிற் சுமந்து சென்றனர் என்பன சரித்திரமாகக் கருதப்படவேயில்லை.

நாம் இங்கே எழுத விரும்புவது அந்த ஓய்வைப் பற்றியே. ஆசிரியர்களும் மாணவர்களுமான எம் வாசகரிற் சிலர், இது விளையாட்டுக் காரியம், சரித்திரத்தின் கனமான பகுதி இதுவன்று என்று எண்ணக்கூடும். யாருக்கு எவ்வளவு ஓய்வு கிடைத்தது, எந்தக் கரையில் அமர அவனுக்கு உரிமை இருந்தது, யார் செலவிற் கூத்து நடந்தது, அதில் அரச வேடம் கட்ட யாருக்கு அனுமதி கிடைத்தது என்ற கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், நிலத்தையும் அதிகாரத்தையும் பற்றிய கேள்விகளையே கேட்டிருக்கிறோம் என்பது தெரியவரும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். நகரும் கோட்டையும் குடாவின் வடபுறத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே, நீர்ப்பரப்பைத் தாண்டி, தென்புறத்திற் கிடப்பது கொட்டியாரம். இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்து இக்குடாவிலேதான் கடலைச் சேர்கிறது. அதன் ஒரு கிளை தெற்கே பிரிந்து வெருகல் ஆறு என்ற பெயருடன் தனியே கடலுக்குப் போகிறது. ஆற்று முகத்தின் ஒருபுறம் கிண்ணியா, மறுபுறம் மூதூர், உள்ளே தம்பலகாமம், தெற்கே சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், தமிழையே தாய்மொழியாகப் பேசும் கரையோர வேடரும் வாழும் நிலம் இது. துறைமுகத்துக்கு அரிசியும் மீனும் விறகும் உழைப்பும் அனுப்பிய புறம்பணை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கரையில் ஆங்கிலேயரின் சரித்திரம் ஒரு புளியமரத்தடியில் தொடங்குகிறது. 1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் முறிந்த கப்பலொன்று செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிற்று. கப்பற்றலைவனும், அவன் மகன் றொபேட் நொக்சும், மற்றோரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிபட்டனர். தந்தை சிறையிலேயே இறந்தான். மகன் பத்தொன்பது ஆண்டுகளின் பின் 1679இல் தப்பி, 1681இல் இலண்டனிற் புத்தகம் வெளியிட்டான். அவர்கள் பிடிபட்ட மரம் ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று பெயர் பெற்றது. அங்கே கல்லும் நாட்டப்பட்டது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே நிற்கும் எந்தப் புளியமரத்தின் நிழலும் வலை பொத்துபவருக்கும் சுமை இறக்குபவருக்கும் உரிய நிழலாகும். ஒரு நாள் அதன் கீழ் அமர்ந்தவன் பெயர் மரத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆண்டாண்டாக அமர்ந்தவர்களின் பெயரை யாரும் நாட்டவில்லை.

கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்டதைப் பற்றிப் பேசுவோர் சிற்பமும் செல்வமும் அழிந்ததையே பேசுவர். அத்துடன் ஒரு விழாவும் தன் இடத்தை இழந்தது. கவிராசவரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டைப் படிப்போர் அதைப் பக்தி நூலாகவும் குளக்கோட்டன் புகழாகவும் படிப்பது வழக்கம். நாம் அதனை வேறு கண்ணோடும் படிக்கலாம். தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகளை வகுத்து, ஆலயத்தில் யார் எந்தத் தொழும்பு செய்ய வேண்டும் என்று அது விதிக்கிறது. விழா என்றால் ஒருவருக்குக் காட்சி. இன்னொருவருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வேலை. ஒரு பெருவிழாவின் உழைப்புப் பிரிவினையை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் நூல்கள் தமிழில் அதிகமில்லை.

பாறை முனையைப் படை பிடித்தபின் கோணேசர் வழிபாடு தம்பலகாமத்து வயல்களின் நடுவே ஆதிகோணேசர் ஆலயத்தில் வேரூன்றிற்று. இதனைச் சமய வரலாற்றின் நிகழ்ச்சியாக மட்டும் கொள்ளலாகாது. கடற்கரையில் நடந்த விழா வயற்கரைக்கு வந்தது. வணிகரும் மாலுமிகளும் கூடிய கூட்டம் உழவரின் கூட்டமாயிற்று. அதற்காகப் பாறையை மக்கள் கைவிட்டுவிடவுமில்லை. கோட்டைக்குட் கோயில் இல்லாத காலத்திலும், பாறையின் விளிம்பில் நின்று பூசகர் பூவும் பழமும் தேங்காயும் கடலிலிட, அடியார் கூடி நின்று வணங்கியதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளர் பலர் வியப்போடு குறித்திருக்கின்றனர். பீரங்கிக்கும் பாராக்காரனுக்கும் நடுவே ஒரு நாழிகை அந்தக் கரை மக்களுடையதாகும். பின் கதவு மூடப்படும்.

அதே பாறையில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1687ஆம் ஆண்டைத் தாங்கிய அத்தூண் பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணைப் பற்றியது என்றும், காதலனின் கப்பல் அகல்வதைக் கண்டு அவள் கடலிற் பாய்ந்தாள் என்றும் ஒரு கதை. அவள் அதன் பின்னும் வாழ்ந்து மணஞ்செய்தவள் என்று ஆய்ந்தோர் காட்டிய பின்னரும் அக்கதை சாகவில்லை. உல்லாசப் பயணிகளுக்கான வழிகாட்டி நூல்கள் அதை விடாது சொல்கின்றன. இவ்வூர் மண்ணில் இன்னொரு ‘காதல்’ உண்டு. தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் பாடிய ‘வெருகல் சித்திர வேலாயுதர் காதல்’ என்ற பிரபந்தத்தையே குறிப்பிடுகிறோம். வீதியுலா வரும் தலைவனைக் கண்டு பெண்ணொருத்தி மையல் கொள்வது அவ்வகைப் பிரபந்தங்களின் மரபு. பெண் வெளியே வந்து வீதியில் நிற்பதற்கும், ஒருவனை நிமிர்ந்து பார்ப்பதற்கும் அன்றைய சமுதாயம் விட்டிருந்த இடம் திருவிழா ஒன்றே என்பதை அந்த மரபே ஒத்துக்கொள்கிறது. வழிகாட்டி நூல்களில் இதற்கு இடமில்லை.

இனி வயலுக்கு வருவோம். தம்பலகாமத்து வெளியும் கொட்டியாரத்து வெளியும் குளத்தையும் ஆற்றையும் நம்பியவை. கந்தளாய்க் குளம் ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டியதெனப் பாளி நூல் மரபு சொல்லும். குளக்கோட்டன் கட்டியதென இவ்வூர் மரபு சொல்லும். யார் கட்டுவித்தாலும் மண் சுமந்தவர் வேறு பேர். அந்த நீரில் விளைந்த நெல்லை அறுத்து, சூடு வைத்து, களவெட்டியில் எருமைகளை வளையவிட்டு மிதிப்பிக்கும் இரவுகளே இம்மக்களின் முதற் கலையரங்கு. மிதிப்பு பெரும்பாலும் இரவில். உறக்கம் வராதிருக்கப் பாட்டு. பொலி பெருக வேண்டிப் பாடும் பாட்டும், எருமையை ஏவும் பாட்டும், ஒருவன் தொடுக்க மற்றவன் முடிக்கும் கவியும் அங்கே பிறந்தவை. களத்தில் சில சொற்களைச் சொல்லலாகாது. அவற்றுக்குப் பதிலாக வேறு சொற்கள் உண்டு. சிங்கள உழவரிடத்தும் களத்துக்கென்றே இத்தகைய தனிமொழி வழங்கியது. நெல் குறைந்துவிடும் என்ற அச்சம் இரு மொழியாருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அச்சத்துக்கு அவர்கள் கண்ட உபாயமும் ஒன்றே.

கடற்கரையில் இதற்கு இணையானது அம்பாப் பாட்டு. கரைவலையின் இரு தலைக்கயிற்றையும் இரு வரிசையாக நின்று இழுப்போர், மூச்சும் அடியும் ஒன்றாக விழும்படி பாடுவது அது. அதில் முருகனும் வருவான், சம்மாட்டியைப் பற்றிய கேலியும் வரும். சம்மாட்டி கேட்டுக்கொண்டு நிற்கும்போதே அந்தக் கேலி பாடப்படும். பாட்டு என்பதனால் அவன் கோபிக்க முடியாது. வேலை நிறுத்தம் என்ற சொல் இக்கரைக்கு வருமுன், முறையீட்டுக்கு இருந்த வாய் இதுதான்.

அறுவடை முடிந்து கையில் நெல் இருக்கும் மாதங்கள் கூத்தின் மாதங்கள். கிழக்கிலங்கையின் கூத்து மரபை அறிந்தோர்க்கு முறை தெரியும்: அண்ணாவியார் வந்து ஆளுக்கேற்பச் சட்டங் கொடுப்பார், மாதக் கணக்கில் இரவுதோறும் பழக்கம் நடக்கும், பின்னர் சதங்கை அணிவிழா, இறுதியில் வட்டக்களரியில் விடியவிடிய அரங்கேற்றம். அரங்கேற்றம் ஓரிரவு; பழக்கமோ ஊரின் பல மாத இரவு வாழ்க்கை. எழுத்தறியாத உழவன் நூற்றுக்கணக்கான பாடல்களை மனனஞ் செய்து கர்ணனாக நின்றான். இதை எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது. ஆயினும் மயங்கிவிடக் கூடாது. கூத்தின் செலவுக்குப் போடியார் கை நீள வேண்டும். நீண்ட கைக்கு முதல் மரியாதை கொடுக்க வேண்டும். அரச வேடம் சாதி பார்த்தே கிடைத்த ஊர்களும் உண்டு. பறை முழக்கியவனுக்குக் களரியின் வெளிப்புறமே இடம். பெண் வேடத்தையும் ஆணே கட்டினான். பெண்கள் பாய் விரித்துத் தூரத்தில் அமர்ந்து பார்த்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கூத்தைக் கொண்டுவந்து ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை அளித்தபோது, பல்கலைக்கழக மாணவியர் ஆடியதைக் கண்டு பழைய கிராமம் திடுக்கிட்டிருக்கும். அத்திடுக்கீடு நல்லது.

பெண்களுக்கென்று இருந்த நாட்கள் வேறு. வைகாசியிற் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, இறுதியிற் குளிர்த்தி ஆடுவர். மதுரையை எரித்தவளின் சினத்தை நீரால் ஆற்றும் சடங்கு அது. கோடையின் உச்சத்தில், வெப்ப நோய் பரவும் காலத்தில் நடப்பது. பொங்கற் பானையும் வேப்பிலையும் கும்மியுமாகப் பெண்கள் ஆலய வெளியை நிறைப்பர். நீதி கேட்டு அரண்மனை புகுந்த ஒருத்தியைத் தெய்வமாக்கியவர்கள், அவள் பெயரால் ஆண்டில் சில நாள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். மற்ற நாட்களில் நீதி கேட்க எவளும் எங்கும் புகவில்லை.

கண்ணகியோடு சேர்ந்த கொம்பு விளையாட்டை இங்கே கூற வேண்டும். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றிலொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும், ஒன்று முறியும், வென்றவர் தோற்றவரை வசைபாடிக் கேலி செய்வர், அதற்குப் பின் அம்மனுக்குக் குளிர்த்தி. மட்டக்களப்பிலிருந்து தம்பலகாமம் வரை வழங்கிய விளையாட்டு இது. சிங்களக் கிராமங்களிற் பத்தினித் தெய்வத்துக்கு ஆடும் ‘அங்கெலிய’வும் இதுவேதான், அங்கே கட்சிகளின் பெயர் உடுபில, யட்டிபில. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்திருக்கிறார். ஒரே தெய்வம், ஒரே கொம்பு, ஒரே கேலி. இரு இனங்களும் ஆதிமுதற் பகைவர் என்று மேடையிற் கூறுவோர் தம் பாட்டன் இழுத்த கயிற்றின் மறுமுனையை ஒருமுறை பார்த்து வரலாம்.

பெண்களின் நிலையைப் பற்றி எழுதுகையில் இவ்வூரின் மைந்தர் த. சரவணமுத்துப்பிள்ளையை நினையாதிருக்க முடியவில்லை. திருகோணமலையிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரி நூலகத்திற் பணியாற்றி, முப்பத்தேழு வயதளவில் 1902இல் மறைந்தவர். அவருடைய ‘மோகனாங்கி’ (1895) தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பேசப்படுகிறது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1892இல், ‘தத்தை விடு தூது’ என்ற சிறு நூலிற் கிளியைத் தூதாக வைத்துப் பெண்ணின் அடைபட்ட வாழ்வைப் பாடினார். தூது என்பது அரண்மனைப் பொழுதுபோக்குப் பிரபந்தம். அதைப் பெண் விடுதலையின் வாயாக்கியவர் இத்துறைமுக நகரத்தவர். இதே நகரத்து இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. ஒரு பத்தாண்டுக்குள் இரண்டு முன்னோடி உரைநடைக் கதைகள் ஒரே ஊரிலிருந்து எழுந்ததற்குக் காரணம் துறைமுகமும் அச்சும் பள்ளியும் சேர்ந்து ஒரு படிக்கும் வகுப்புக்கு ஓய்வு நேரத்தைக் கொடுத்ததேயாகும். குடாவின் மறுகரைக்கு அந்த ஓய்வு கிட்ட இன்னும் அரை நூற்றாண்டு சென்றது.

மறுகரையில் கிண்ணியாவும் மூதூரும் பெரும்பாலும் முஸ்லிம் மக்களின் ஊர்கள். அவர்களின் கலைகளைத் தமிழ்க் கலை வரலாறுகள் பின்னிணைப்பிற் போட்டுவிடுவது நம்முடைய பழைய குற்றம். களிகம்பு கிழக்கு முஸ்லிம்களின் கோலாட்டம். அதைப் பழக்குபவருக்கும் அண்ணாவியார் என்றே பெயர். சிலம்பமும் சீனடியும் கலியாண ஊர்வலத்துக்கு முன்னே செல்லும், பெண்கள் குரவையிடுவர், பக்கீர் பாவாக்கள் றபான் தட்டிப் பாடி வருவர், கந்தூரியில் எல்லோருக்கும் ஒரே சட்டியில் சோறு. இரவில் வீட்டுத் திண்ணைகளிற் சீறாப்புராணமும் மசாலாக்களும் இராகமெடுத்துப் படிக்கப்பட்டன. வயற்காட்டில் ஆணும் பெண்ணும் மறைமுகமாகத் தம் மனத்தைச் சொன்ன நாட்டார் கவிகளைப் போல நெஞ்சைத் தொடுபவை ஈழத்து இலக்கியத்திற் குறைவு. பின்னாளிற் சமயச் சீர்திருத்தத்தின் பெயரால் குரவையும் றபானும் கந்தூரியும் பல இடங்களில் ஒதுக்கப்பட்டன. கோயிற் பக்கத்திலும் ‘ஆகமம்’ என்ற பெயரால் உடுக்கும் கும்மியும் ஒதுக்கப்பட்டன. இரு பக்கத்திலும் முதலில் வாயடைக்கப்பட்டவர்கள் பெண்களும் ஏழைகளுமே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவையெல்லாம் ஒன்றுகூடும் இடம் வெருகல். ஆற்றங்கரையிற் சித்திர வேலாயுத சுவாமி கோயில். அதன் கல்வெட்டிற் கயிலாய வன்னியனாரின் பெயர் காணப்படுகிறது; வன்னிபங்களின் காலத்திலேயே அது பெருங்கோயில். ஆவணியில் விழா. வடக்கே திருமலையிலிருந்தும் தெற்கே மட்டக்களப்பிலிருந்தும் குடும்பங்கள் வண்டி கட்டி, பாய், பானை, அரிசி, பிள்ளைகள், கிழவிகள் சகிதம் வந்து ஆற்றுமணலில் இறங்கின. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் யாத்திரிகருக்கும் இது தங்குமிடம். மூன்று கல்லும் ஒரு கிடுகு மறைப்பும் வீடாகிவிடும். பகலில் ஆற்றிற் குளிப்பு, மரநிழலில் உறக்கம், பெண் பார்ப்பு, மாப்பிள்ளை பேச்சு, பழைய பகை தீர்ப்பு, புதிய பகை தொடக்கம். இரவில் சுவாமி உலா, மேளம், கடைத்தெரு. பிள்ளைகளுக்கு ஊதுகுழலும் பெண்களுக்கு வளையலும். நெற்கடனில் ஆண்டு முழுதும் முதுகு வளைந்தவன் அந்தச் சில நாட்கள் யாருக்கும் ஆளில்லை. பக்தி ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. சட்டமும் சங்கமும் விடுமுறை வாங்கித் தராத காலத்தில், தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் போடியாரிடம் விடுமுறை கேட்க முடிந்தது.

வெருகலுக்குத் தெற்கே வாகரைப் பக்கத்துக் கரையோர வேடரைப் பற்றி, செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிற் குறிப்புகள் உண்டு. கடல் கடந்து வந்த ஆவிகளுக்காக அவர்கள் ஆடிய ஆட்டத்துக்குக் ‘கப்பல் பேய்’ என்று பெயர். துறைமுகத்தைப் பற்றி ஆயிரம் அறிக்கைகள் எழுதப்பட்டுள்ளன. துறைமுகத்துக்கு வந்த கப்பலைக் காட்டிலிருந்து பார்த்தவன் அதைப் பேய் என்றான். இதைவிடச் சுருக்கமான விமரிசனம் நமக்குத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டிற் கப்பற்பட்டறையும் எண்ணெய்க் குதங்களும் விரிந்தபோது ஓய்வின் இலக்கணமே மாறிற்று. 1927இல் புகையிரதம் வந்தது. யாழ்ப்பாணத்தாரும் மலையாளத்தாரும் தென்னிலங்கைச் சிங்களவரும் வேலை தேடி வந்து குவிந்தனர். சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் விடுதலை. பறுவமும் அமாவாசையும் பார்த்த நாட்கள் போய்ச் சம்பள நாளும் ஞாயிற்றுக்கிழமையும் வந்தன. படமாளிகையும் உதைபந்தாட்டமும் தவறணையும் புதிய கூடுமிடங்கள். பழையவை அழியவில்லை; நகரத்தின் உருவெடுத்தன. நவராத்திரியில் தெருவுக்குத் தெரு மால் கட்டிக் கும்பம் வைத்து, அலங்கரித்த பெருங்கும்பங்களைத் தலையிலேந்தி இரவில் வீதிவலம் வரும் வழக்கம் திருமலைத் தொழிலாளரின் விழாவாகவே வளர்ந்தது. தன் தெருவின் கும்பம் அடுத்த தெருவின் கும்பத்திலும் உயரமாயிருக்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய அக்கறையைத் தொழிற்சங்கக் கூட்டத்திலும் காட்டியிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றும். அது அநியாயமான எண்ணம். கும்பத்தின் உயரம் அவர்கள் கையிலிருந்தது, கூலியின் உயரம் அவர்கள் கையில் இருக்கவில்லை.

1942 ஏப்ரில் 9ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னர், யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. புத்தாடை வாங்கியிருந்த நகரம் மூட்டை கட்டிக் காட்டுவழியே ஓடியது. யாருடைய போரோ, கெட்டது இவர்களுடைய வருடப்பிறப்பு. 1957இல் தளம் கைமாறியபோது சுதந்திரக் கொடி ஏறியதைக் கண்டு மகிழாதார் இல்லை. கொடி ஏறிய பின் பட்டறை வேலை சுருங்கி, பிழைப்பைத் தேடி மீண்டும் பலர் இடம்பெயர்ந்தனர்.

இக்கரையை உள்ளிருந்து எழுதியவர் மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம். ஆசிரியத் தொழில் பார்த்தவர். 1925இற் பிறந்து 2001இல் மறைந்தவர். 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற தொகுதிக்குப் பெயர் கொடுத்த அவரது ‘தோணி’ என்ற கதையில், மீனவச் சிறுவன் ஒருவனுக்குத் தனக்கென ஒரு தோணி வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான் கதை. துறைமுகத்தின் சரித்திரத்திற் பேரரசுகள் நூறு கப்பல்களை நிறுத்தின. துறையோரத்துப் பிள்ளைக்கு ஒரு தோணி கிடைப்பதே கனவாயிற்று. நாம் இவ்வளவு பக்கம் எழுதிச் சொல்ல முயல்வதை அவர் ஒரு சிறுவனை வைத்துச் சொல்லிவிட்டார்.

பின்னர் வந்த போரின் கதையை வாசகர் அறிவர். 1980களின் நடுப்பகுதியிலிருந்து கொட்டியாரத்துத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் முறை வைத்தாற்போல் ஊர் பெயர்ந்தனர். 2004 ஏப்ரிலில் வெருகல் ஆற்றங்கரையே புலிகளின் இரு பிரிவினர் மோதிய களமாயிற்று. குடும்பங்கள் அடுப்புக் கூட்டிய மணல் அது. அவ்வாண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை. 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு மீண்டும் போர் மூண்டது. ஓகத்தில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கும், மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் இருந்த தமிழர் வாகரைக்கும் ஓடினர். சம்பூர் மக்களின் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று; 2015க்குப் பின்னரே அவர்கள் படிப்படியாகத் திரும்பினர். ஒன்பது ஆண்டு முகாமில் இருந்தவனுக்கு நேரம் ஏராளம், ஓய்வு இல்லை. கூத்துக்குக் களரி வேண்டும், களவெட்டிக்கு வயல் வேண்டும், குளிர்த்திக்குத் தன் ஊர்க் கிணற்று நீர் வேண்டும்.

நகரின் கடற்கரையில் மாலையிற் காற்று வாங்க அமர்வது திருமலையாரின் பழக்கம். காசில்லாத ஒரே பொழுதுபோக்கு. 2006 சனவரி 2ஆம் நாள் மாலை அங்கே கூடிப் பேசிக்கொண்டிருந்த மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கரையில் அமரும் உரிமை என்று நாம் தொடக்கத்திற் சொன்னபோது அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை.

ஆற்று முகத்தைக் கடப்பது எப்போதுமே இங்குள்ள பெரும்பாடு. திருமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரைவழியே போவோர் துறைக்குத் துறை ‘பாதை’க்காகக் காத்திருந்தனர். அக்காத்திருப்பும் ஒரு வாழ்க்கையாகவே இருந்தது: தேநீர்க் கடை, வெற்றிலை, பத்திரிகைச் சேதி, எந்த ஊரில் எப்போது விழா என்ற விசாரிப்பு. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் வெருகல் உள்ளிட்ட பாலங்களும் வந்தன. பாலத்தை வரவேற்காதவன் மக்கள் பகைவன். ஆயினும் அதே கிண்ணியாவில், பெரும்பாலத்திலிருந்து சிறிது தூரத்திலுள்ள குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டி முடியாதிருந்த வேளையில், 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை மக்களை ஏற்றிச்சென்ற இழுவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மாண்டனர். நெடுஞ்சாலைக்குப் பாலம் முதலில் வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் துறைக்குக் கடைசியில் வருகிறது.

களவெட்டியில் இப்போது எருமைகள் இல்லை. அறுத்து அடித்துத் தூற்றும் இயந்திரம் முற்பகலுக்குள் வேலையை முடித்து அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. முதுகு நிமிர்ந்தது, அதற்காக வருந்துவோர் ஒருநாள் அரிவாள் பிடித்துப் பார்க்கட்டும். பொலிப்பாட்டைப் பாட இரவு இல்லாது போனது என்பதும் உண்மை. அதைப் பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் உமது பள்ளியின் அடுத்த தெருவிலேயே இருக்கக்கூடும். மாணவனிடம் கொப்பியும் பேனையும் கொடுத்து அனுப்பும் ஆசிரியருக்கு ஒரு பின்னேரம்தான் செலவு.

வெருகலில் ஆவணி விழா மறுபடியும் நடக்கிறது. பாலத்தின் வழியே பேருந்திலும் மோட்டார்ச் சைக்கிளிலும் வந்து, உலா பார்த்து, இரவே திரும்பிவிடலாம். அப்படியிருந்தும் மணலிற் பாய் விரிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. சோறு வடித்தாயிற்று என்று தாய் கூப்பிடுகிறாள். ஆற்றில் இறங்கிய பிள்ளைகள் கரையேறுவதாயில்லை.